கண்மாயை அழித்த கைக்குட்டை

மீன்துறை ஊழியர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். "ஆறுகளும் மீன்பிடிப்பும்னு ஏதாவது எழுதிக் குடுங்க சார், நீங்கதான் பழைய ஆளு" என்று இரண்டு இளைஞர்கள் காரைக்குடி செக்காலையில் என் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். போன மாதம்தான் ஓய்வு பெற்றேன். அதற்குள் பழைய ஆளாகிவிட்டேன். சர்வீஸில் எனக்கு இவ்வளவு சீக்கிரமாக எந்தப் பதவி உயர்வும் வந்ததில்லை.

ஆற்றைப் பற்றி எழுத ராமநாதபுரம் மாவட்டத்துக்காரனைத் தேடிப் பிடித்தார்களே, அதைத்தான் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் ஆற்றைக் கடக்கும்போது காலில் இருக்கிற செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கம் கையில் இருக்கிற செருப்பையும் காலில் மாட்டிக்கொள்வோம். மணல் சுடும். எங்களுக்கும் ஆறுகள் உண்டு. மணிமுத்தாறு, தேனாறு, பாம்பாறு. பெயர் வைத்தவர்கள் கஞ்சத்தனம் செய்யவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் சில நாட்கள் ஓடும். மற்ற நாட்களில் மாட்டுவண்டி ஓடும்.

ஆனாலும் வருஷம் முழுவதும் நிறைந்து ஓடுகிற ஆறுகளோடு எனக்குப் பழக்கம் உண்டு. அவை இங்கிலாந்தில் இருந்தன. நான் அங்கே போனதில்லை. எனக்காக என் மேலதிகாரி போய் வந்திருந்தார்.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். மீன் தின்னாத தச்சர் வீட்டில் பிறந்தவன். என்னைச் சர்க்கார் உத்தியோகத்தில் பார்க்க வேண்டும் என்று அப்பா சாமியிடம் வேண்டிக்கொண்டார். எந்தத் துறை என்று குறிப்பிட மறந்துவிட்டதால் சாமி மீன்துறையைக் கொடுத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒவ்வொரு மீனுக்கும் லத்தீனில் ஒரு பெயர் உண்டு என்று தெரிந்துகொண்டேன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் மீன் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதையும் தெரிந்துகொண்டேன். வேலை விட்டு வந்தால் அம்மா என்னைக் கொல்லைப்புறமாகத்தான் வரச் சொல்வாள். கிணற்றடியில் குளித்த பிறகுதான் மகன் என்று ஒப்புக்கொள்வாள்.

அறுபதுகளின் நடுவில் ஞானப்பிரகாசம் என்பவர் எங்களுக்கு உதவி இயக்குநராகக் காரைக்குடிக்கு வந்தார். சென்னைக்காரர். ஒல்லியாக, நெட்டையாக, தண்ணீரில் நிற்கும் நாரை மாதிரி இருப்பார். உள்நாட்டு மீன்வளம் படிக்க ஒரு வருஷம் இங்கிலாந்துக்குப் போய், அங்கே கிராமத்து ஆற்றோரம் தங்கிவிட்டு வந்தவர். திரும்பும்போது துண்டு துண்டாகப் பிரித்து மாட்டும் ஒரு மூங்கில் தூண்டிலைக் கொண்டுவந்தார். மனதைக் கொண்டுவர மறந்துவிட்டார் என்று ஆபீஸில் பேச்சு.

முகாம் போகும் வழியெல்லாம் ஆற்றுப் பேச்சுதான். ஜீப்பை அவரே ஓட்டுவார். சுற்றிலும் பொட்டல், கருவேல முள், சுடுகாற்று. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வருவார். அங்கே சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கின்றனவாம். பெய்கிற மழையைக் குன்று குடித்துவிட்டு வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுமாம். அதனால் அங்கிருந்து வரும் ஆறு கோடையில் வற்றுவதில்லை, மழையில் கலங்குவதில்லை. அடியில் கிடக்கும் கூழாங்கல் கண்ணாடிக்குள் இருப்பது போலத் தெரியும். கரை என்று தனியாக ஒன்று கிடையாது. புல் முடிகிற இடத்தில் தண்ணீர் ஆரம்பிக்கும். மாடுகள் வயிறு நனைய நின்று யோசித்துக்கொண்டிருக்கும். கோடை வந்தால் ஆற்றில் மண்டுகிற கொடியை அரிவாளால் அறுத்து ஒதுக்குவதற்கென்றே ஆட்கள் உண்டு. பழைய மடத்துச் சாமியார்கள் ஆற்றோரம் குளம் வெட்டி மீன் வளர்த்திருக்கிறார்கள். விரத நாளில் மாமிசம் கூடாது, மீன் மாமிசக் கணக்கில் சேராது என்பது அவர்கள் சாஸ்திரமாம். இதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். கிணற்றடியில் ஒரு வாளி கூடியது.

"ஏவன் என்று நாலைந்து ஆறுகள் இருக்கு, மிஸ்டர் முத்தையா. அந்த ஊர்ப் பழைய பாஷையில் அந்தச் சொல்லுக்கே ஆறுன்னுதான் அர்த்தம். வந்தேறின ஆளு 'இது என்ன'ன்னு கேட்டிருக்கான். ஊர்க்காரன் 'ஆறு'ன்னு சொல்லியிருக்கான். இவன் அதையே பேருன்னு எழுதிக்கிட்டான். உள்ளூர்ப் பேச்சு புரியாம வேலை பார்த்தா இப்படித்தான்!" என்று ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். மேலதிகாரி சிரிக்கும்போது கூடச் சிரிப்பது என் வேலையில் ஒரு பகுதி.

ஒருநாள் மாலை மணிமுத்தாற்றைக் கடக்கும்போது ஜீப்பை நிறுத்தினார். தூண்டிலை எடுத்து மாட்டினார். நடு ஆற்றில், சுட்ட மணலில் நின்று வீச ஆரம்பித்தார். மணிக்கட்டுப் பழக்கம் விட்டுப்போகக் கூடாதாம். அவர் வீசுவது அழகாகத்தான் இருந்தது. நூல் பின்னால் போய், ஒரு நொடி காற்றில் யோசித்து, முன்னால் வந்து ஈ உட்காருவது போல மணலில் உட்காரும். அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மாள் வாயில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"யாத்தே! தண்ணியில்லாத ஆத்துல தூண்டி போடுறாகளே, யாரப்பு இவுக?"

"சர்க்கார் ஆபீசர், ஆத்தா."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

அந்த மணலில்தான் அவர் எனக்கு ஒரு விஷயம் சொன்னார். "அங்கே பூமியே மழையைப் பிடிச்சு வைக்குது. இங்கே பூமி வைக்காதுன்னு தெரிஞ்சு மனுஷன் கரை போட்டு வச்சிருக்கான். இந்த ஆறு ஒண்ணும் செத்துப்போகலை முத்தையா. கண்மாய்க் கண்மாயாப் போய் உட்கார்ந்திருக்கு. நாம வேலை பார்க்க வேண்டிய இடம் அதுதான்." பிறந்ததிலிருந்து கண்மாய்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது தோன்றியதில்லை. தினம் பார்க்கிற பொருளை யோசிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

கல்லலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்க் கண்மாயைத் தேர்ந்தெடுத்தார். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் விருந்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். இலையில் மீனைத் தவிர வேறெதுவும் இருக்காது. மணிமுத்தாற்றிலிருந்து வரத்துக்கால் வழியாக நீர் வரும் கண்மாய் அது. அங்கே சாத்தையா அம்பலம் என்று ஒரு பெரியவர். அம்பலம் என்றால் எங்கள் பக்கம் ஊர்த் தலைமை. கண்மாய்க் காரியங்களில் அவர் சொல்தான் கடைசி. சர்க்கார் மீன்குஞ்சு விடுகிறோம், வளர்ந்த பிறகு ஊருக்கே மீன் என்று ஞானப்பிரகாசம் சொன்னபோது அம்பலம் கேட்ட ஒரே கேள்வி, "குஞ்சு பெருசாகுமா, இல்லை சர்க்கார் வேலை மாதிரி வச்ச இடத்துலயே நிக்குமா?"

குஞ்சு விட்ட காலையை நான் மறக்க மாட்டேன். கட்லா, ரோகுக் குஞ்சுகளைத் தகர டின்களில் கொண்டுபோனோம். வழியெல்லாம் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே போக வேண்டும். காற்று கலக்காவிட்டால் குஞ்சு மேலே வந்து வாயைப் பிளக்கும். கண்மாயை அடைந்ததும் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போவதுதான் அதுவரை எங்கள் வழக்கம். அவர் விடவில்லை. டின்னைக் கண்மாய்த் தண்ணீரிலேயே மிதக்க விட்டார். உள்தண்ணீரும் வெளித்தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும். ஒரு மணிக்கட்டை உள்ளே, ஒரு மணிக்கட்டை வெளியே வைத்துப் பார்த்துக்கொண்டே குந்தியிருந்தார். பிறகு கண்மாய்த் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி அள்ளி டின்னுக்குள் விட்டார். பிறகு டின்னை மெதுவாகச் சாய்த்துப் பிடித்தார். "நாம கொட்டக் கூடாது. அதுவாப் புறப்படணும்." நிழல் தண்ணீரில் விழக்கூடாது என்று எங்களையெல்லாம் ஒரு பக்கமாக நிற்க வைத்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. திரும்பி உள்ளே போனது. பிறகு எல்லாம் சேர்ந்து ஒரு கோடாகப் போயின.

சாத்தையா அம்பலம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பெத்த பொண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புற மாதிரியில்ல அனுப்புறாரு" என்றார்.

அதற்குப் பிறகு ஞானப்பிரகாசம் வாரம் ஒருமுறை அங்கே போவார். மீனுக்குத் தீனியாகப் புதுவயல் ரைஸ் மில்களில் தவிடு வாங்கி வருவது என் பொறுப்பு. அந்த நாட்களில் என்னைத் தட்டினால் தவிடு பறக்கும்.

இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும். இந்தக் கட்டுரையே அந்தச் சொல்லால் வந்த வினைதான். எங்கள் பக்கம் கண்மாய் 'அழியும்'. கரை உடைவதில்லை, ஒன்றும் நாசமாவதில்லை. பயிர் அறுத்து, கோடையில் தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும், ஒருநாள் குறித்து, சுற்றுவட்டாரம் முழுக்கத் தண்டோரா போட்டு, யார் வேண்டுமானாலும் இறங்கி மீன் பிடித்துக்கொள்ளலாம் என்று திறந்துவிடுவதற்குத்தான் கண்மாயை அழிப்பது என்று பெயர். அன்று கண்மாய்க்குள் சாதி, ஊர், பகை கிடையாது. ஆனால் ஒரு கட்டு உண்டு. அம்பலம் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு வந்து, கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒரு கால் தண்ணீரில் படக்கூடாது.

இந்தக் கண்மாய்க்கு எதிர்க்கரையில் இன்னொரு ஊர். துண்டு வீசும் உரிமை தங்களுடையது என்று அவர்களுக்குப் பழைய வழக்கு. எப்போதோ ஒரு வருஷம் வீசுவதற்கு முன்னால் யாரோ இறங்கிவிட, வெட்டுக்குத்தாகி, அப்புறம் வெகுகாலம் கண்மாய் அழியாமலே கிடந்து மீன் சேற்றில் செத்து நாறியிருக்கிறது. பெண் கொடுத்து எடுப்பதுகூட நின்றுபோயிருக்கிறது. சாத்தையா அம்பலம்தான் பேசிப் பேசி இரண்டு கரையையும் சேர்த்தவர். அவர் துண்டில் அந்தச் சமாதானம் தொங்கிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் ஞானப்பிரகாசத்துக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கலாம். ஆனால் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று மேலதிகாரிக்கு யாராவது குறிப்பு அனுப்புவார்களா?

குஞ்சு விட்டதற்கு அடுத்த வைகாசி. நான் புதுவயலில் தவிடு ஏற்றிக்கொண்டு லாரியிலேயே ஆபீஸுக்கு வந்தேன். வாசலில் அம்பலத்தின் ஆள் கருப்பையா முகம் சுண்டி உட்கார்ந்திருந்தான். ஜீப்பைக் காணோம்.

"என்ன கருப்பையா?"

"நல்லது சொல்ல வந்தது ஒரு குத்தமாண்ணே? 'இன்னைக்குக் கண்மாயை அழிக்கிறோம், ஐயாவைக் கையோட கூட்டியாரச் சொன்னாரு அம்பலம்'னேன். 'யாரு அழிக்கிறது'ன்னாக. 'ஊரே கூடித்தான்'னேன். 'என் மீன் என்ன ஆகும்'னாக. 'ஒண்ணு மிஞ்சாது'ன்னேன். எந்திரிச்சு என் மேல பாஞ்சுட்டாகண்ணே! 'நானும் ஜீப்புல வாரேன்'னா, 'நீயும் அவங்க ஆளுதானே'ன்னு தள்ளிவிட்டுட்டுப் போயிட்டாக."

லாரியை அப்படியே திருப்பச் சொன்னேன். தவிட்டு மூட்டை மேல் கருப்பையாவும் ஏறிக்கொண்டான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கண்மாயின் நாலு கரையும் நிறைந்திருந்தது. ஆணும் பெண்ணுமாக, ஆளுக்கொரு ஊத்தா. அடி அகலமாகவும் மேலே கை நுழையும்படி குறுகலாகவும் மூங்கிலில் முடைந்த கூடை அது. சேற்றில் குத்தி, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டு உள்ளே அகப்பட்டதைத் துழாவி எடுப்பார்கள். மீனுக்கு அது கூடை. சென்னையிலிருந்து வந்தவர் கண்ணுக்கு ஆயுதம். அவர் கரை மேல் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தார். பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: "எதுக்கய்யா இங்க கூடியிருக்கீங்க?" என்று கத்தியிருக்கிறார். நாலு கரையும் ஒரே குரலில் சொல்லியிருக்கிறது: "அழிக்கத்தான்!"

தூரத்தில் அவர் சட்டைப்பைக்குக் கை போவதைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. "சார், வேண்டாம்! கையை இறக்குங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். தவிடு மூடி ஒருவன் கூவிக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்தவர், என்னையும் அடித்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். வெள்ளைக் கைக்குட்டையை உருவி, திரும்பிப் போங்கள், திரும்பிப் போங்கள் என்று தலைக்கு மேலே வீசினார்.

ஹோவென்று ஒரு சத்தம். அவ்வளவு பெரிய கூட்டம் கண்மாய்க்குள் விழுந்தது. தண்ணீர் இருந்த இடத்தில் முதுகுகள் மட்டும் தெரிந்தன.

நான் மூச்சிரைக்க அவரிடம் போய்ச் சேர்ந்து, அழிப்பது என்றால் என்ன, வெள்ளைத் துண்டு வீசினால் என்ன அர்த்தம் என்று சொன்னேன். அவர் கைக்குட்டையைப் பார்த்தார். அதே நேரத்தில் கோயில் பக்கமிருந்து விபூதி பூசிய நெற்றியோடு சாத்தையா அம்பலம் கரையேறி வந்தார். தோளில் மடித்த வெள்ளைத் துண்டு. ஒரு ஓரத்திலிருந்து சத்தம் அடங்கிக்கொண்டே போனது. கடைசியில் மீன் துள்ளுவது மட்டும் கேட்டது.

"யாரு வீசுனது?"

எல்லாக் கையும் ஒரே திசையில் நீண்டது.

எதிர்க்கரை வீரணன், அந்த ஊருக்கு வாயாக இருப்பவன், முழங்காலளவுத் தண்ணீரில் நின்றுகொண்டே சொன்னான்: "வெள்ளைத் துணி வீசியாச்சுல்ல அம்பலம்? துணிதானே கணக்கு? இனிமே எவன் கையில இருந்தா என்ன? அடுத்த வருசம் நாங்க வீசிக்கிறோம்."

அம்பலம் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. துண்டை உதறி மறுபடி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்பச் சரி. எனக்கு இனி இங்குட்டு வேலையில்லை" என்று திரும்பினார். அவர் கரையிறங்கிவிட்டால் பழைய வெட்டுக்குத்து வெகுதூரத்தில் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இந்த ஊர் இளவட்டங்கள் ஊத்தாவைப் பிடித்திருந்த பிடி மாறியது.

"இப்ப என்ன பண்றது?" என்று என் மேலதிகாரி என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"தெரியலை சார். இதுக்கு சர்க்குலர் வரலை."

ஞானப்பிரகாசம் நாலு எட்டில் போய் அம்பலத்தின் முன்னால் நின்றார். "அது வீச்சே இல்லைங்க. இது துண்டு இல்லை. மூக்குச் சிந்துற துணி!" என்றார். யாரும் நம்பவில்லை என்று பட்டிருக்க வேண்டும். கைக்குட்டையை மூக்கில் வைத்தார். நாலு கரைக்கும் கேட்கும்படி, யானை பிளிறுவது மாதிரி சிந்திக் காட்டினார். பிறகு அதை விரித்துக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார்.

பிறகு எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு தண்ணீரில் பரவியது.

"சாமி கும்பிட்ட துண்டும் இதுவும் ஒண்ணா? நீங்களே சொல்லுங்க" என்றார் அவர். "முறை தவறிப் பிடிச்ச மீனை அந்தத் தண்ணியிலேயே விட்டுடணும். நான் பழகின ஆத்துல அதுதான் சட்டம். எல்லாரும் விட்டுட்டுக் கரையேறட்டும். அம்பலம் வீசட்டும்."

அம்பலம் நின்றார். "எந்த ஆத்துல?"

"ஏவன்."

"எவன் ஆத்துல இருந்தா என்ன? சட்டம் நல்ல சட்டம்தான்" என்றார் அம்பலம்.

சொல்வது சுலபம். கையில் வந்த மீனை யார் விடுவார்? பொன்னாத்தா என்று ஒரு அம்மாள், முன்வரிசையில் நின்றவள், நல்ல நீளத்துக்கு ஒரு விராலைத் தலையோடு பிடித்திருந்தாள். அதை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "போ, சாயந்தரம் கொழம்புல பாக்குறேன்" என்று விட்டாள். பிறகு திரும்பினாள். "நான் விட்டுட்டேன். மத்தவுகளும் விடுங்கடா. மடியில வச்சிருக்கவன் மடியை அவுத்துக் காட்டு!"

விட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே, ஒவ்வொருவராக. எல்லோருமா என்று கேட்காதீர்கள். "நாங்க எதுக்கு விடணும்?" என்று வீரணன் ஆரம்பித்தான். அடுத்த சொல் வருவதற்குள் "ஆத்தாடி!" என்று அலறி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குதித்தான். மடியில் ஒளித்து வைத்திருந்தது கெளுத்தி. அதன் முள்ளுக்கு எந்தக் கரை என்றெல்லாம் தெரியாது.

"என்ன பங்காளி, கண்மாய் தீர்ப்புச் சொல்லிருச்சு போல?" என்று அவன் ஊர்க்காரனே கேட்டான். இரண்டு கரையும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் பறவைகள் எழும்பிவிட்டன. வீரணன் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றான். பிறகு அவனும் சிரித்துவிட்டான். கெளுத்தியை எடுத்துத் தூர எறிந்துவிட்டு, "சரி, வீசுங்க அம்பலம். உங்க துண்டுதான் துண்டு" என்று கரையேறினான்.

கூட்டம் முழுவதும் சொட்டச் சொட்டக் கரையில் ஏறி நின்றது. சேறு கலங்கிய கண்மாய் மெல்ல அடங்கியது. அம்பலம் ஞானப்பிரகாசத்தைப் பார்த்தார். "நீங்களும்தான் நிக்கிறீக. எறங்குற ஆளு நிக்கிற மாதிரி நில்லுங்க" என்றார். யாரோ ஒரு ஊத்தாவை அவர் கையில் திணித்தார்கள். என் கையிலும் ஒன்று. மீன் தின்னாதவன் என்று சொல்ல அது நேரமில்லை.

அம்பலம் துண்டை உயர்த்தினார். உயர்த்தியவர் அப்படியே வைத்திருந்தார். வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். எதிர்க்கரையைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். வருஷத்துக்கு ஒருமுறை வரும் சந்தோஷம், அன்று அவருக்குப் போய்த் திரும்பி வந்தது, அவசரப்படுவாரா? என் பக்கத்தில் உதவி இயக்குநர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, இஸ்திரி போட்ட கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சு விடவில்லை.

துண்டு இறங்கியது. எனக்கு முன்னால் தண்ணீரில் விழுந்தவர் என் மேலதிகாரி.